சமன்பாட்டை வாய்விட்டு வாசித்தால் என்ன வரும்?

தொடுகோடு:
போன வாரம் என் மகள் ஒரு டி-ஷர்ட் வாங்கி வந்தாள். நெஞ்சுப் பக்கம் ஒரு கணக்கு அச்சடித்திருந்தது: √-1, பக்கத்தில் 2³, அப்புறம் சிக்மா, கடைசியில் பை. அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெருங்கி வந்து பார்த்தார். தமிழ்வழிப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். "சிக்மாவுக்கு எல்லையே போடவில்லையே, எதிலிருந்து எதுவரை கூட்டுவது?" என்று கேட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். தாத்தா, இது கணக்கு இல்லை, ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டும் என்றாள். √-1 என்றால் 'ஐ', அதாவது நான். 2³ எட்டு, சாப்பிட்டேன் என்பதற்கும் அங்கே அதே ஒலி. சிக்மா 'சம்', கொஞ்சம் என்பதற்கும் அதே ஒலி. பை அவர்கள் அடுப்பில் சுட்டுத் தின்னும் பண்டம். ஆக மொத்தம் 'நான் கொஞ்சம் பை சாப்பிட்டேன்'.

அப்பா சிரிக்கவில்லை. "பையை யாராவது தின்பார்களா? பையில் போட்டுக் கொண்டுவந்ததைத்தான் தின்பார்கள்" என்றார். பிறகு போகிற போக்கில் "இதைப் போய் பெரிதாகச் சொல்ல வந்துவிட்டாள், எட்டேகால் லட்சணமே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். மகளுக்கு அது புரியவில்லை, எனக்கு அரைகுறையாகப் புரிந்தது. கணக்கை வார்த்தையாக வாசிக்கும் இந்த விளையாட்டு வேறு எந்த மொழிகளில் எப்படி இருக்கிறது? தெரிந்ததைப் போடுங்கள்.

பழைய சிலேட்டு:
உங்கள் அப்பா முதல் அடியிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தமிழ் எண் குறிகள் எழுத்துகளைப் போலவே இருக்கும். 8 எழுதினால் அ மாதிரி, கால் என்ற பின்னத்தை எழுதினால் வ மாதிரி. எட்டே கால் எழுதிப் பார்த்தால் 'அவ'. எட்டேகால் லட்சணமே என்றால் அவலட்சணமே. ஔவை கம்பருக்குத் திருப்பிக் கொடுத்ததாக ஒரு கதை உண்டு. கதையை நம்பலாம், விடலாம், ஆனால் பாட்டு இன்னும் ஊரெல்லாம் வாயில் இருக்கிறது. அதே பாட்டில் எமனேறும் பரி எருமை, கூரையில்லா வீடு குட்டிச்சுவர் என்று திட்டு வரிசையாக நீளும்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் மகளின் டி-ஷர்ட்டில் காதுதான் ஏமாறுகிறது, இங்கே ஏமாறுவது கண். வாயால் சொல்லும்போது அது வெறும் எட்டேகால். கையால் எழுதினால்தான் திட்டு வெளியே வரும்.

நான் ஒரு மழை நாளில் வேலையில்லாமல் உட்கார்ந்து இதைக் கொஞ்சம் நோண்டினேன். 1 முதல் 10 வரை க, உ, ங, ச, ரு, சு, எ, அ, கூ, ய. 100 ள, 1000 த. அப்படியானால் 15 கரு, 25 உரு, 75 எரு, 85 அரு. உரு × ங = எரு, 25 மும்மடங்கு 75. எரு + உரு = ள. எனக்கு ரொம்பப் பிடித்தது இது: எரு − கரு = சுய. 75இல் 15 போனால் 60, ஆறு பத்து, சுய. எங்கேயாவது அச்சடித்துப் போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஏட்டுச்சுவடி:
சிலேட்டு அண்ணே, மன்னிக்க வேண்டும், கடைசி வரி கள்ள ஆட்டம். 75ஐ எரு என்று எழுதுவது இடமதிப்பு முறை. பழைய முறையில் 75 எயரு, அதாவது ஏழு பத்து ஐந்து. 15 யரு. நீங்கள் எருவையும் கருவையும் புது முறையில் எழுதிவிட்டு, சுய என்பதை மட்டும் பழைய முறையில் எழுதியிருக்கிறீர்கள். புது முறை என்றால் 60க்கு சு போட்டுப் பக்கத்தில் சுழியம்தான் போட வேண்டும். அந்தத் தமிழ்ச் சுழியத்துக்கு யூனிகோடில் இடம் கிடைத்ததே 2005இல். திருத்தி எழுதினால் எயரு − யரு = சுய. கணக்கு சரி, ஆனால் எருவும் போச்சு கருவும் போச்சு. ஆறுதலுக்கு ஒன்று சொல்கிறேன், பழைய முறையில் 25 'உயரு'. பிள்ளையின் இருபத்தைந்தாம் பிறந்தநாள் வாழ்த்தில் எழுதிக் கொடுக்கலாம்.

இன்னொன்று, 6 சு தானா என்பதிலும் சண்டை உண்டு. 'கடுகு உளுந்து ஙனைச்சு சமைச்சு ருசிச்சு சாப்பிட்டேன் என அவன் கூறினான்' என்று மனப்பாட வரி ஒன்று சுற்றுகிறதே, அதில் 6 சா.

ஆனால் நம் பக்கத்தில் இதற்கெல்லாம் அரசன் காளமேகம்தான். இந்த வெண்பாவை எண்களை மட்டும் பொறுக்கிக்கொண்டு வாசியுங்கள்:

முக்காலுக் கேகாமுன் முன்னரையில் வீழாமுன்
அக்கா லரைக்கால்கண் டஞ்சாமுன் விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது

முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, கீழரை. பின்னங்கள் மாடிப்படி இறங்குவது போல வரிசையாகச் சிறுத்துக்கொண்டே வருகின்றன. ¾, ½, ¼, ⅛, அப்புறம் இருமா 1/10, மாகாணி 1/16, ஒருமா 1/20, கீழரை 1/640. எண்ணை மறந்துவிட்டு வாசித்தால் வேறு பாட்டு. கோல் ஊன்றி மூன்றாம் காலில் நடக்கும் முன், முன்தலை நரைக்கும் முன், காலனின் ஆட்களைக் கண்டு நடுங்கும் முன், விக்கி இருமும் முன், பெரிய காணியான சுடுகாட்டுக்குப் போகும் முன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருப்பவரை இன்றே பாடு என்கிறார். ஏகாம்பரநாதர். பின்னமும் சிறுக்கிறது, ஆயுளும் சிறுக்கிறது. டி-ஷர்ட்காரர்களுக்கு இதை மொழிபெயர்த்துக் காட்ட முடியுமா சொல்லுங்கள்.

ஒசாகா வாசி:
மொழிபெயர்க்க முடியாது, ஆனால் ஜப்பானியர்கள் கேட்டால் தலையாட்டுவார்கள். இங்கே எண்ணை வார்த்தையாக வாசிப்பது தினப்படி வேலை. அவர்களுடைய எண்களுக்குச் சொந்த வாசிப்பு ஒன்று, சீனத்திலிருந்து வந்த வாசிப்பு ஒன்று என்று இரண்டு உண்டு. அதனால் எந்த எண்ணைக் கொடுத்தாலும் அதில் ஒரு சொல்லைப் பிடித்துவிடுவார்கள். 39 'சான் க்யூ', ஆங்கில நன்றி. 4649 'யோ ரோ ஷி கு', தயவு வேண்டும் என்று சொல்கிற வணக்கச் சொல்.

வர்க்கமூலங்களைக் கூட இப்படித்தான் பள்ளியில் நெட்டுருப் போடுகிறார்கள். √2 = 1.41421356, 'ஹிதோ யோ ஹிதோ யோ நி ஹிதோ மி கோ ரோ'. இரவு இரவாகப் பார்க்க ஏற்ற பொழுது என்பது போல ஒரு பொருள் வரும். √5 = 2.2360679 இன்னும் அழகு, 'ஃபுஜி சான்ரோகு ஓமு நாகு', ஃபுஜி மலையடிவாரத்தில் கிளி கூவுகிறது. நான் இங்கே வந்து மூன்றாம் மாதம் உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் இதைச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து √5 என்றால் எனக்கு எண் நினைவுக்கு வருவதில்லை, கிளிதான்.

நாங்கள் பள்ளியில் 1.414, 1.732 என்று வெறுமனே பாராயணம் செய்தோம். மலையும் இல்லை கிளியும் இல்லை.

தொடுகோடு:
கிளி அருமை. அப்பாவிடம் சொன்னேன். "இங்கே கிளி எதற்கு, பிரம்பு இருந்ததே" என்றார்.

மதிய டீ:
சீனர்களும் சளைத்தவர்கள் இல்லை. வட்டத்தின் பை மதிப்பை 'மலையுச்சியில் ஒரு கோயில், ஒரு ஜாடி மது' என்று வாசிப்பார்கள். ஷான் தியான் யி ஸ யி ஹு ஜியோ, 3.14159க்கு ஏறக்குறைய அதே ஒலி. இதில் 'தியான்' உச்சியையும் குறிக்கும், தசமப் புள்ளிக்கான சொல்லும் ஏறக்குறைய அதே ஒலிதான். புள்ளியைக் கூட வீணாக்கவில்லை பாருங்கள். 520 என்றால் நான் உன்னைக் காதலிக்கிறேன், அதனால் மே 20 அங்கே காதலர்களுக்கான நாள் ஆகிவிட்டது. தாய்லாந்தில் 5க்கு 'ஹா'. அரட்டையில் 555 என்று வந்தால் சிரிக்கிறார்கள் என்று பொருள்.

நம் வகுப்பறைக்கு வாருங்கள். பரிதியைக் கேட்டால் 2 பை ஆர். வேகமாகச் சொல்லுங்கள், 'ரெண்டு பை யாரு?' பேருந்தில் நடத்துனர் கேட்பது போல இருக்கும். வட்டப் பரப்பளவு 'பையார் ஸ்கொயர்', யாரோ ஊர்ப் பெரிய மனிதர் பெயர் மாதிரி. ஏ கூட்டல் பி என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் கொஞ்சம் நீட்டி வாசித்தால் கடைசி பெஞ்சு மொத்தமும் தலையைக் குனிந்துகொள்ளும். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இயற்கணிதம் படித்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் குனிந்திருக்கிறார்கள்.

நீர்வேலி:
நாங்களும் குனிந்தனாங்கள்தான். ஆனால் இந்தியாவில் மீ.பொ.ம. என்று நீங்கள் சொல்வதை முதன்முதல் கேட்டபோது பூனைக்குட்டி கத்துவது போல இருந்தது. இலங்கையில் எங்களுக்கு அது பொ.ம.சி., பொது மடங்குகளுட் சிறியது. ஒரே தமிழ், ஒரே கணக்கு, சுருக்கி வாசிக்கும்போது இரண்டு ஊர்.

கேபின்காரன்:
பொறியியல் படித்தவர்களின் பழைய சரக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. 1இன் கீழ் 'கேபின்' எழுதி, கேபினைப் பொறுத்துத் தொகையிட்டால் விடை என்ன? லாக் கேபின். மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டுக்கு ஆங்கிலத்தில் அதே பெயர். இங்கேயே நிறுத்துபவர் சாதாரண மாணவர். கெட்டிக்காரர் எழுந்து "மாறிலியை விட்டுவிட்டீர்கள், கூட்டல் சி" என்பார். சி என்றால் அவர்கள் மொழியில் கடல். மரவீட்டைக் கடலில் வைத்தால் படகு வீடு. கணக்கிலும் மாறிலி இல்லாவிட்டால் தப்பு, சிரிப்பிலும் அது இல்லாவிட்டால் பாதிதான். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இது பிடிக்கும். தமிழில் 'மடக்கை கேபின் கூட்டல் மாறிலி', உப்புச் சப்பில்லை.

இன்னொன்று, சைன் எக்ஸின் கீழ் என், அதாவது sin x / n. மேலே ஒரு என், கீழே ஒரு என், இரண்டையும் அடித்தால் மிச்சம் 'சிக்ஸ்', விடை 6. இதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள், அடிக்க ஒன்றுமே கிடைக்காது.

அரைநாண்:
சைன் என்ற சொல்லே ஒரு தப்பு வாசிப்பில் பிறந்ததுதான், தெரியுமா? நம் பக்கத்துக் கணித நூல்களில் அது 'ஜ்யா', வில்லின் நாண். 'ஜீவா' என்றும் சொல்வார்கள். அரபியர் அதை ஒலியோடு எடுத்துக்கொண்டு உயிர் எழுத்து போடாமல் எழுதினார்கள். அதே மெய்யெழுத்துகளை 'ஜைப்' என்றும் வாசிக்கலாம், அது சட்டையின் மடிப்பு, மார்புப் பகுதி. பிறகு 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குக் கொண்டுபோனவர்கள் மடிப்பு என்றே மொழிபெயர்த்து 'சைனஸ்' என்று வைத்துவிட்டார்கள். நாண் மடிப்பானது, மடிப்பு சைன் ஆனது. தமிழ்வழிப் பாடத்தில் வட்டத்தின் இரு புள்ளிகளைச் சேர்க்கும் கோடு இன்றும் நாண்தான். வில் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

தம்புரா:
எதிர்த்திசையில் போகும் விளையாட்டு ஒன்றைச் சொல்கிறேன், சொல்லை எண்ணாக வாசிப்பது. கர்நாடக இசையில் 72 மேளகர்த்தாக்கள், அதாவது தாய் ராகங்கள். ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துகளை, அவை எழுத்து வரிசையில் நிற்கும் இடத்தை வைத்து எண்ணாக்கி, திருப்பிப் போட்டால் மேள எண் வரும். கடபயாதி என்பார்கள். மாயாமாளவகௌளையில் மா 5, யா 1, திருப்பினால் 15. தீரசங்கராபரணத்தில் தீ 9, ர 2, திருப்பினால் 29. சங்கராபரணத்துக்கு முன்னால் 'தீர' ஒட்டியதும், கல்யாணிக்கு முன்னால் 'மேச' ஒட்டியதும் இந்தக் கணக்குக்காகத்தான்.

சிக்கல் என்ன என்றால், இது நான்கு வகைக் ககரம் உள்ள எழுத்துக்குச் செய்த சூத்திரம். கரகரப்ரியா 22ஆவது மேளம். அதன் முதல் எழுத்து இரண்டாவது ககரம், மதிப்பு 2. கீரவாணி 21, அதில் முதல் ககரம், மதிப்பு 1. தமிழில் எழுதினால் இரண்டுமே க வரிசை. அப்போது கரகரப்ரியாவும் 12 என்று வந்து, திருப்பினால் 21. இரண்டு ராகமும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்துவிடும். பாட்டு வகுப்பில் தமிழ் நோட்டில் எழுதிப் படித்த எனக்கு இது எத்தனையோ நாள் புரியாமலே இருந்தது. சூத்திரம் பொய் என்றே நினைத்திருந்தேன்.

மதிய டீ:
ஆங்கிலத்தில் லெவனும் டூவும் சேர்ந்தால் ட்வெல்வும் ஒன்னும். 11 + 2 = 12 + 1. கணக்கும் சரி, எழுத்துகளைக் கலைத்துப் போட்டாலும் சரியாக வரும். ஸ்பானியத்தில் டோஸ் + த்ரேசே = த்ரேஸ் + டோசே, 2 + 13 = 3 + 12, அதே அதிசயம். தமிழில் யாராவது முயன்று பார்த்தீர்களா?

பழைய சிலேட்டு:
முயன்றேன், மயிரிழையில் தவறியது. பதினொன்று + இரண்டு என்பதை உயிரும் மெய்யுமாகப் பிரித்தால் 15 ஒலி. பன்னிரண்டு + ஒன்று 14 ஒலி. இடப்பக்கம் த், இ இரண்டும் மிச்சம், வலப்பக்கம் ஒரு ன் மிச்சம். மற்றதெல்லாம் அச்சாகப் பொருந்துகிறது. நம் முன்னோர் பதினிரண்டு என்று சொல்லாமல் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டார்கள், அங்கே தப்பிவிட்டது.

ஆனால் வேறொன்று சிக்கியது. மூன்று என்ற சொல்லில் எழுத்து எத்தனை? மூ, ன், று, மூன்று. தன் அளவைத் தானே சொல்லும் எண். இப்போது எந்த எண்ணையும் எடுத்து அதன் எழுத்துகளை எண்ணுங்கள், வந்த எண்ணின் எழுத்துகளை மறுபடி எண்ணுங்கள். ஆறு 2, இரண்டு 4, நான்கு 3, மூன்று 3, நின்றுவிட்டது. ஒன்பது 4, அதுவும் மூன்றில் போய் நிற்கும். ஆங்கிலத்தில் இதே ஆட்டம் எப்போதும் நான்கில் நிற்கும்.

நீர்வேலி:
எழுதுகிற தமிழில் நிற்கும், சரி. பேசுகிறபடி எண்ணினீர்களா? ரெண்டு 3 எழுத்து, மூணு 2 எழுத்து. ரெண்டிலிருந்து மூணு, மூணிலிருந்து ரெண்டு, நிற்கவே நிற்காது, செக்குமாடுதான்.

பழைய சிலேட்டு:
அடடா. இதை நான் யோசிக்கவே இல்லை.

கேபின்காரன்:
நிரல் எழுதுபவர்கள் யாரும் வரவில்லையா? பதினாறடிமான எண்முறையில் 10 முதல் 15 வரை ஆங்கில எழுத்துகள் ஆறு வரும். அந்த ஆறில் எத்தனையோ சொற்களைக் கட்டிவிட்டார்கள். ஜாவா தொகுத்த கோப்பு ஒவ்வொன்றும் 'கஃபே பேப்' என்ற எண்ணோடுதான் தொடங்கும். ஷேக்ஸ்பியர் கேள்விக்குக் கூட விடை உண்டு. 'டூ பி ஆர் நாட் டூ பி' என்பதில் டூ பியை 2B என்ற பதினாறடிமான எண்ணாக வைத்து அப்படியே எட்டு பிட் கணக்காகப் போட்டால் எல்லா பிட்டும் 1 ஆகி 255 வரும். இருப்பதா இறப்பதா, 255.

தொடுகோடு:
அப்பாவிடம் இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். காளமேகத்துக்கு மட்டும் கண்ணை மூடிக் கேட்டார். மற்றதற்கு 'உம்' கொட்டினார். 255க்கு அதுவும் இல்லை. 1924இல் டூடனி என்ற ஆங்கிலேயர் போட்ட புதிர் ஒன்று உண்டாம், பணம் அனுப்பு என்ற செய்தியையே கூட்டல் கணக்காக வைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு இலக்கம் கண்டுபிடிக்க வேண்டும். 9567 + 1085 = 10652. அதைத் தமிழில் செய்யலாமே என்று ஒன்று கொடுத்தார். ஒன்று + ஒன்று = இரண்டு. ஒரே எழுத்துக்கு ஒரே இலக்கம், வேறு எழுத்துக்கு வேறு இலக்கம்.

கேபின்காரன்:
764 + 764 = 1528. வந்துவிட்டது. ஆனால் 853 + 853 = 1706 என்றும் வருகிறதே. ஒரே விடை இல்லாவிட்டால் புதிர் எப்படி?

தொடுகோடு:
அதே கேள்வியைக் கேட்டேன். "அப்போ ஒன்றின் மிகப்பெரிய மதிப்பு என்ன என்று கேள்" என்கிறார்.

அரைநாண்:
936. இரட்டித்தால் 1872. அதற்கு மேல் போனால் 7 அல்லது 8 அல்லது 9 இரண்டு இடத்தில் வந்து உதைக்கிறது.

தொடுகோடு:
சரி என்றார், முகத்தில் சின்னச் சிரிப்பு. இந்த வாரத்தில் இதுதான் முதல். உடனே இன்னொன்று: ஒன்று + மூன்று = நான்கு. "முழு விடை வேண்டாம், நடுவில் இருக்கும் ன் எந்த இலக்கம், அதை மட்டும் சொல்லச் சொல்."

ஒசாகா வாசி:
நடு இடத்தில் ன் கூட்டல் ன் மறுபடி ன். அப்படியானால் 0 தவிர வேறு வழியில்லை. 204 + 704 = 908.

அரைநாண்:
வலப்பக்கத்திலிருந்து 1 மீதி வந்தால் 9ம் ஆகும். 197 + 697 = 894.

தொடுகோடு:
"அந்தப் பிள்ளைக்கு மட்டும் முழு மார்க்" என்கிறார். ஒசாகா ஐயா, உங்களுக்குப் பாதிதான் போடச் சொல்கிறார், நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.